பழம் விடும் வயது

"பழம்" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்கத்தான் ஏழு மாதங்களாக ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது, அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்பாவை யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று தொடங்கிய பேச்சு, இருவருமே சொல்லியிருக்கக் கூடாத சில சொற்களில் போய் முடிந்து, அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் மாலை, அறைக்கு வெளியே கிடந்த நீண்ட இருக்கையின் இரண்டு முனைகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கம் திரும்பாமலே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, "பழம்" என்றாள். அவளுக்கு வயது 54. நான் என் இரண்டு விரல்களையும் அவள் விரல்கள்மீது வைத்தேன். அந்தச் சண்டையைப் பற்றி இன்றுவரை நாங்கள் மறுபடி பேசவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், "இந்த வயதில் என்ன சிறுபிள்ளைத்தனம்" என்று கேட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை, அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. விளையாடிய காலத்துச் சொற்களை வளர்ந்தவர்கள் எடுத்துப் புழங்கலாமா, அல்லது அரைக்கால் சட்டையைப் போல அவற்றையும் ஒரு வயதில் கழற்றி வைத்துவிட வேண்டுமா?

புழங்கலாம் என்பதுதான் என் எண்ணம். அந்த மாலையில் "என்னை மன்னித்துவிடு" என்று அவள் சொல்லியிருந்தால், எதற்காக, யார் செய்த எந்தப் பிழைக்காக என்று கணக்கு பார்க்கத் தொடங்கியிருப்போம். கணக்கு பார்த்திருந்தால் சண்டை மறுபடி மூண்டிருக்கும். பழம் விடுவதில் அந்தக் கணக்கே கிடையாது. தவறு யாருடையது என்று தீர்ப்பு எழுதாமலே இரண்டு பேர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். இன்சொல்லைக் கனியாகவும் கடுஞ்சொல்லைக் காயாகவும் காட்டியது திருக்குறள். காய் விட்டவர்கள் பழம் விடுகிறார்கள் என்னும்போது பிள்ளைகளும் அதே உருவகத்தைத்தான் தம் கையில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் சண்டையைக்கூட அறிவித்துவிட்டே போடுகிறார்கள். "உன்னோடு காய்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை நிறுத்துவார்கள். எதிரில் இருப்பவருக்குத் தம் நிலை ஐயமறத் தெரியும். வளர்ந்தவர்களாகிய நாங்களோ ஏழு மாதங்கள் காய் விட்டிருந்தோம், அதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. கூப்பிட்டால் எடுக்க நேரமில்லை என்றோம், வேலை அதிகம் என்றோம், அப்பாவின் மாத்திரை விவரங்களை மூன்றாவது ஒருவர் வழியாகச் சொல்லி அனுப்பினோம். இதில் முதிர்ச்சி எங்கே இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வளர்ந்தவர்களின் மொழி இந்தச் சொற்களை ஏற்கெனவே எடுத்துக்கொண்டும்விட்டது. பேச்சுவார்த்தையில் தோற்கப்போகிறவர் விதியை மாற்றினால் அதை அழுகுணி ஆட்டம் என்கிறோம். அரசியல் கட்டுரைகளில்கூட அந்தச் சொல் தயக்கமின்றி வருகிறது. போங்காட்டம், கண்ணாமூச்சி ஆட்டம் எல்லாம் அப்படி வந்தவையே. ஆனால் எடுத்துக்கொண்ட விதத்தில் ஒரு சொல்லுக்கு நாம் பெரிய அநீதி செய்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். அது உப்புக்குச் சப்பாணி. ஒரு குழுவில் பெயருக்கு இருப்பவரை, இருந்தும் இல்லாதவரை, இகழ்ந்து சொல்ல இன்று அதைப் பயன்படுத்துகிறோம். விளையாட்டில் அதன் பொருள் இகழ்ச்சி அன்று. ஓடத் தெரியாத சின்னப் பிள்ளை அழுதுகொண்டு ஓரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகப் பெரிய பிள்ளைகள் அதை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதைப் பிடித்தாலும் அவுட் இல்லை, அது யாரைத் தொட்டாலும் கணக்கில்லை, ஆனாலும் எல்லாரோடும் கத்திக்கொண்டு ஓடலாம். நான் அப்படி ஓடியிருக்கிறேன். என்னை ஆட்டத்தில் சேர்த்தவள் அக்காதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளாகவே கண்டுபிடித்த கருணை அது. அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த கருணையை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு உடன்பாடில்லாத ஒரு பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே மருத்துவமனையில், அதே அறையில், மருந்து கொடுக்க வந்த செவிலியர் அப்பாவிடம், "சமத்துப் பிள்ளையா ஆ காட்டுங்க பார்ப்போம், ஆ..." என்றார். கெட்ட எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அன்றைக்கு அவர் எத்தனை பேருக்கு அப்படி ஊட்டிவிட்டாரோ. ஆனால் நாற்பது ஆண்டுகள் மற்றவர்களின் கணக்குகளைச் சரிபார்த்த என் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மாத்திரை இருந்த சிறிய கிண்ணத்தை அக்கா வாங்கி, "அப்பா, மாத்திரை" என்று மட்டும் சொன்னாள். அவர் திரும்பி, கையை நீட்டி, தாமே எடுத்துப் போட்டுக்கொண்டார். முதியவர்களிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். மறதிநோய் உள்ளவர்களிடம் பராமரிப்பாளர்கள் அப்படிப் பேசும்போது, இயல்பாகப் பேசும்போது காட்டுவதைவிட அந்த நோயாளிகள் கூடுதலாக எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்பாவின் முகம் திரும்பிய விதத்தைப் பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

ஆகவே குழந்தைமொழி என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. ஒன்று பெரியவர்கள் பிள்ளைகளை நோக்கிப் பேசும் கொஞ்சுமொழி. அது மேலிருந்து கீழே இறங்கிவருவது. மற்றொன்று பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வது, ஒத்த வயதினரிடையே பக்கவாட்டில் பரவுவது. பிரிட்டனின் பள்ளிகளில் ஏறத்தாழ 5,000 பிள்ளைகளிடம் இத்தகைய வழக்குகளைத் திரட்டி 1959-இல் நூலாக்கிய அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர், இவை பெற்றோரிடமிருந்து அல்லாமல் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கே போய்ச் சேர்கின்றன என்று விளக்கினார்கள். ஓடிக் களைத்தவர் ஆட்டத்தை நிறுத்திவைக்கச் சொல்லும் சொற்களையே அவர்கள் வட்டாரம் வட்டாரமாகக் குறித்துவைத்தார்கள்; ஓரிடத்தில் பார்லி, ஓரிடத்தில் ஃபைனைட்ஸ், கூடவே விரல்களைக் குறுக்கே பின்னிக் காட்டுவதும் உண்டு. நமக்கு அது அம்பேல். சொன்ன நொடியில் துரத்துகிறவர் நின்றுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. வளர்ந்தவர்களின் பேச்சில் அதற்கு ஈடான சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. "கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்றால் ஏன் என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் சொற்களை வளர்ந்தவர்கள் பேசுவது கௌரவக் குறைவு என்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: "அம்புலி, இவனோடு ஆட வா" என்று நிலாவை அழைக்கும் பிள்ளைத்தமிழை எழுதியவர்கள் முதிர்ந்த புலவர்கள்.

இருந்தாலும் எல்லாக் காயத்துக்கும் பழம் மருந்தாகாது. அக்காவும் நானும் சரிக்குச் சரி தவறு செய்தவர்கள், ஒரே ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். அதனால்தான் அவள் விரலை நீட்ட முடிந்தது. ஒருவர் உழைப்பைப் பறித்துக்கொண்டவரோ நம்பிக்கையைக் குலைத்தவரோ விரலை நீட்டிப் பழம் என்று சிரித்தால், அது அடுத்தவரின் வலியை விளையாட்டாக்குவது. அப்படிப்பட்ட இடத்தில் மன்னிப்பு என்ற கனமான சொல்லைத்தான் சொல்ல வேண்டும். விளையாட்டிலேகூட, பழம் கேட்டவரிடம் "மாட்டேன், காய்தான்" என்று மறுக்கும் உரிமை மற்றவருக்கு உண்டு. அந்த உரிமையை மதிக்காதவர் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது.

அப்பா வீடு திரும்பிவிட்டார். தினமும் காலையில் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆறு முறை நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க, அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கூடவே போவோம். நேற்று நான்காவது முறையில் பாதித் தொலைவில் நின்றார். நான் ஏதோ ஊக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு கையை உயர்த்தி, மூச்சு வாங்கியபடியே, "அம்பேல்" என்றார். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். நாற்காலியை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு அவரே கண்ணைத் திறந்து, நடைச்சட்டத்தைக் கையால் துழாவிப் பிடித்து எழுந்து, "ஜூட்" என்றார்.