1996 டிஃபெண்டரில் குரூஸ் கன்ட்ரோல்: பம்ப் லீவர் கடைசியில் வழிக்கு வந்தது

வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் கருவியைப் பூட்டி, மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் வந்தேன். தொலைபேசியின் ஜிபிஎஸ் 69, 70, 71 என்ற மூன்று எண்களைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. வண்டி 300 டிடிஐ டீசல் எஞ்சின் பூட்டிய லாண்ட் ரோவர் டிஃபெண்டர். டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வகை, ஆக்சிலரேட்டருக்குக் கேபிள். அந்தக் கேபிள் பம்பின் லீவரை இழுத்தால் டீசல் கூடும். கணினி என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அப்படிப்பட்ட வண்டி வேகத்தை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று ஹட்டனில் நான் கேட்ட எந்த மெக்கானிக் பாஸும் ஒப்புக்கொள்ளவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு வழக்கமாக ஒரு தேங்காய்தான் உடைப்பேன். இந்த முறை இரண்டு உடைத்தேன்.

மலைநாட்டுக்காரனுக்கு இது எதற்கு என்ற கேள்வி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஹட்டனிலும் கினிகத்தேனை வளைவுகளிலும் இதற்கு வேலையே இல்லை. ஆனால் எங்கள் சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. கல்யாணம், காது குத்து, கருமாதி என்று எது வந்தாலும் எங்களுக்கு வடக்கே போகும் ஏ9 சாலைதான் வழி. மதவாச்சிக்கு அப்பால் சாலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது. டிஃபெண்டரின் மிதியோ கணுக்காலை மடக்கியே வைத்திருக்கச் சொல்லும். வவுனியா வருவதற்குள் வலது கால் மரத்துப் போகும். கால் மரத்துப்போனால் வேகம் தானாகக் கூடும். எல்லை 70. அதைத் தாண்டினால் மர நிழலில் வேகமானியோடு நிற்கும் பொலிஸாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த எஞ்சினுக்கும் 70 என்பது பொருத்தமான வேகம். என் வண்டியில் 235/85 ஆர்16 டயர், டிஃப் (அக்சிலில் இருக்கும் கியர்) விகிதம் 3.54, நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் உயர் கியர் 1.41, ஐந்தாவது கியர் 0.77. கணக்குப் போட்டால் 70 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 சுற்றில் ஓடுகிறது. 300 டிடிஐ தன் முழு முறுக்கு விசையான 265 நியூட்டன் மீட்டரைத் தருவதும் அதே 1,800இல்தான். சிறிய ஏற்றம் வந்தால் லீவரை ஒரு நூல் இழுத்தாலே போதும்.

காற்று வெற்றிடத்தில் இயங்கும் பழைய வகையை நான் தொடவே இல்லை. பெற்றோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு இருப்பதால், காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்கும். டீசலில் அது கிடையாது. பிரேக் மிதிக்கு பலம் சேர்க்கும் சர்வோவுக்காக இருக்கும் வெற்றிடப் பம்பிலிருந்துதான் கிளை எடுக்க வேண்டும். ஏற்ற இறக்கமே வாழ்க்கையான ஊரில் பிரேக்குக்குச் சொந்தமான வெற்றிடத்தில் இன்னொன்றுக்குப் பங்கு கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆகவே மின் மோட்டாரால் கம்பியை இழுக்கும் வகை. ரோஸ்ட்ரா என்ற அமெரிக்கத் தயாரிப்பு, கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

வேகத்தைச் சொல்லும் காந்தங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பின் அக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில், ஹேண்ட்பிரேக் டிரம்முக்கு ஒட்டிய முனையில், எதிரெதிராக இரண்டு காந்தம். அவை கடந்துபோகும்போது பக்கத்தில் உள்ள காயிலில் துடிப்பு எழும். அக்சில் பக்க முனை பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்டும் கூடவே ஆடும். கியர்பெட்டிப் பக்க முனை ஆடாது. எதிரெதிராக வைத்தால் சமநிலையும் கெடாது, அதிர்வும் வராது. ஷாஃப்ட் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,445 சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு காந்தத்துக்கு 2,890 துடிப்பு. கருவி மைல் கணக்கில் கேட்கிறது என்பதால் 4,650 என்று வருகிறது. அதற்கு அருகிலுள்ள 4,000 என்ற நிலையில் சுவிட்சை வைத்தேன், சிக்கலின்றி ஏற்றுக்கொண்டது.

இனி லீவர். உண்மையில் இந்த வேலை முழுவதும் அந்த ஒரு மூட்டில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் வயர் இணைக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடியவை.

கருவியோடு வரும் மணிச்சங்கிலியைப் பம்ப் லீவரில் ஏற்கெனவே இருக்கும் துளையில் கொளுவிவிடலாம். அப்படித்தான் முதலில் கொளுவினேன், வண்டியும் ஓடியது. ஆனால் வேகம் நிலையாக இல்லை. 66க்கு இறங்கும், பின் திடீரென இழுத்து 75க்குப் போகும், மறுபடி இறங்கும். மனைவி பின் இருக்கைக்குப் போய்ப் படுத்துவிட்டார். கருவியின் உணர்திறன் சுவிட்சுகளைக் குறைத்துப் பார்த்தால் அசைவு மெதுவானதே தவிர நிற்கவில்லை.

காரணத்தை மகனின் கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானிதான் காட்டியது. லீவர் ஐட்லிலிருந்து (மிதி தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை) முழு வரை திரும்புவது 60 பாகை. துளை சுழல் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதாவது 26 மில்லிமீட்டர் இழுத்தாலே முழு டீசல். கருவியோ 38 மில்லிமீட்டர் இழுக்க வல்லது. தன் வீச்சில் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருப்பதால் அதன் ஒவ்வொரு சிறு அசைவும் எஞ்சினுக்குப் பெரிய உதையாகப் போய்ச் சேருகிறது. டீசலில் இது இன்னும் மோசம். காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு இல்லை, லீவர் நகர்ந்த உடனேயே எரிபொருள் கூடிவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. துளையில் கொளுவிய கம்பி லீவர் திரும்பத் திரும்ப வேறு வேறு கோணத்தில் இழுக்கிறது. தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இழுவைக்கு ஒரு விளைவு, நடுவில் வேறு விளைவு. கருவியின் மூளைக்கு இது தெரியாது. அது எப்போதும் ஒரே விகிதம் என்று நம்பித்தான் இழுக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அரைநிலா வடிவில், விளிம்பில் பள்ளம் வெட்டிய ஒரு துண்டு. கம்பி அந்தப் பள்ளத்தில் படுத்து வந்தால் லீவர் எந்தக் கோணத்தில் இருந்தாலும் இழுவை ஒரே ஆரத்தில்தான் நடக்கும். ஆரம் எவ்வளவு? 60 பாகைக்கு 38 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 36. அட்டையில் வெட்டி, லீவரில் ஒட்டி, கையால் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து டீசல் குழாயில் இடித்தது. மேல் மூலையைச் சாய்த்து வெட்டிய பிறகு இடிக்கவில்லை.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். தேயிலைத் தொழிற்சாலை உருளைகளுக்குத் தண்டு கடைந்தே முடி நரைத்த மனிதர் அவர். அலுமினியத்தில் செய்து தரச் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, அலுமினியத்தைக் கம்பி அறுத்துவிடும். பித்தளையே போடுவோம். விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தி விடுகிறேன், கம்பி நழுவாது."

பழைய வால்வு ஒன்றின் உடலிலிருந்து பித்தளை எடுத்தார். 8 மில்லிமீட்டர் தடிப்பு, பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம், அடியில் உருண்டை. பள்ளத்துக்குள் விரலை ஓட்டினால் கண்ணாடியைத் தொட்டதுபோல் வழுக்குகிறது. கம்பியின் முனைக் குண்டு உட்காரச் சிறு குழி ஒன்றும் வைத்தார், அதை நான் கேட்கவே இல்லை. இரண்டு 5 மில்லிமீட்டர் போல்ட்டில் லீவரோடு பூட்டியிருக்கிறேன். தளர்ந்து கழன்றால் டீசல் முழுதாகத் திறந்தபடி மாட்டிக்கொள்ளும் என்பதால் பூட்டு நட்டும் போட்டு, வயர் கட்டியும் விட்டிருக்கிறேன்.

கடைசி நுணுக்கம் தொய்வு. ஐட்லில் லீவர் தன் நிறுத்தத் திருகில் முழுதாக மோத வேண்டும். கம்பி இறுக்கமாக இருந்தால் மோதாது, ஐட்ல் கூடும். தளர்வாக இருந்தால், வேகத்தைப் பிடிக்கச் சொல்லும் செட் பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி வேகம் விழுந்துவிட்டுத்தான் பிடிக்கும். 2 மில்லிமீட்டரில் இரண்டும் சரியாக வந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது வைக்க வேண்டும். காலைப் பனியில் வைத்த அளவு மத்தியானம் பொருந்தவில்லை.

பிரேக் வயரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பலரும் இந்த இடத்தில் கருவி பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரேக் மிதிக்காதபோது கருவி தன் பிரேக் வயரில் எர்த்தைத் தேடுகிறது. அந்த எர்த் கிடைப்பது பிரேக் விளக்கின் இழை வழியாக. மிதித்ததும் அதே வயரில் 12 வோல்ட் வரும், கருவி விட்டுவிடும். பின் விளக்குகளில் எல்இடி போட்ட வண்டியில் இழை இல்லை, எர்த் இல்லை, ஆகவே எத்தனை முறை செட் அழுத்தினாலும் கருவி பிடிக்காது. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துச் சரிசெய்யலாம். நான் 21 வாட் பல்புக்கே திரும்பினேன். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் பிரேக் மிதித்தும் கருவி விடாமல் போகலாம். இழை பல்பில் அந்தப் பயம் இல்லை. இரண்டு பல்பும் போனால் குரூஸ் வேலை செய்யாது, அதுவே ஓர் அறிவிப்பு. அதே வயரின் நடுவில் கிளட்ச் சுவிட்சையும் போட்டிருக்கிறேன். கிளட்ச் மிதித்தால் எர்த் அறுந்து கருவி விடும். இல்லாவிட்டால் பாரம் போனதும் எஞ்சின் அலறும். டிஃபெண்டரில் கிளட்ச் சுவிட்ச் இல்லாததால் முச்சக்கர வண்டியின் பிரேக் சுவிட்ச் ஒன்றை மிதிப் பெட்டியில் தகடு வைத்துப் பொருத்தினேன்.

பொருள் வாங்குவதைப் பற்றி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் டிஃபெண்டருக்கு எது கேட்டாலும் கிடைக்கும் என்பார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஒரு கடையில் பழைய டிஸ்கவரியிலிருந்து கழற்றிய குரூஸ் தொகுதி என்று ஒன்றைக் காட்டினார்கள். பிளக்கை அடியோடு வெட்டியிருந்தார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. கேட்ட விலைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வயர் வெட்டிய பொருளை முழுத் தொகுதி என்று விற்பது அநியாயம். வயர், ஃபியூஸ் பெட்டி, தண்ணீர் புகாத பிளக் ஆகியவற்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். தரம் நன்றாக இருந்தது, விலையும் நியாயம். வாகன இறக்குமதி 2020இல் நின்ற பிறகு பழைய வண்டியைக் கட்டிக் காப்பவர்கள் கூடிவிட்டோம். 2025இல் மறுபடி திறந்தும் புது வண்டியின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அதனால் உதிரிப்பாகத்துக்கு மதிப்பு குறைவதாகத் தெரியவில்லை.

இறக்கத்தில் இது எதையும் செய்யாது. கருவியால் டீசலைக் குறைக்க மட்டுமே முடியும், பிரேக் போட முடியாது. ஆகவே வடக்கிலிருந்து திரும்பும்போது மாத்தளைக்கு முன்பே அணைத்துவிடுகிறேன். டேஷ்போர்டில் தனியாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் முழுக் கருவிக்கும் மின்சாரம் அறுந்துவிடும். மழையில் குரூஸைப் போடவே கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொட்டகலையில் இருக்கும் நண்பர் தன் ஹைலக்ஸுக்கும் இதே பித்தளைத் துண்டு வேண்டும் என்கிறார். அதன் பம்ப் லீவர் வேறு, அட்டை வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கோ புகைபோக்கி வெப்பமானி ஒன்று போட ஆசை. நீண்ட ஏற்றத்தில் குரூஸ் தானாக இழுக்கும்போது எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒஹியாவிலிருந்து பம்பரகந்தைக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ் பாதையில் ஒருமுறை போய் வரவும் வேண்டும். அந்தக் கற்களுக்கும் சேற்றுக்கும் காந்தமும் காயிலும் தாக்குப்பிடித்தால், ஷாஃப்டில் இப்போதிருக்கும் கட்டே போதும். இல்லாவிட்டால் காயிலுக்கு மேல் ஒரு தகட்டுக் கவசம் அடிக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பு செட் பொத்தான்களுக்கு ஒரு தாங்கி தேவை. கருவியோடு வந்த தண்டு டிஃபெண்டரின் ஸ்டியரிங் உறையில் எந்தப் பக்கம் வைத்தாலும் இண்டிகேட்டர் தண்டில் முட்டுகிறது. இப்போது அது டேஷ்போர்ட் அடியில் நாடாவால் கட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை மறுபடி அட்டையோடு லேத் பட்டறைக்குப் போகிறேன்.