அரைப்புள்ளிக் காப்பீடு

எங்கள் நகரத்தார் கோயில்களில் வரி எழுதும்போது, கணவனும் மனைவியுமாக வாழ்பவர்களை ஒரு புள்ளி என்றும், இருவரில் ஒருவர் மறைந்துவிட்டால் எஞ்சியவரை அரைப்புள்ளி என்றும் கணக்கு வைப்பது வழக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் தனியாக வசிக்கும் என் பெரியாத்தா அப்படி ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்கும் கோயில் கணக்கில் ஓர் இடம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான பிறகு, நாட்டின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கில் அவருக்கு எவ்வளவு இடம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். பெரியாத்தாவுக்கு வருமானம் என்று சொல்ல ஒரு சிறு வைப்புத் தொகையின் வட்டி மட்டுமே. ஆயினும் வருமானச் சான்று கேட்டுப் போனபோது, தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைக் கூடமும் கொண்ட வீட்டை வைத்துக்கொண்டா என்ற கேள்விதான் முதலில் வந்தது. அந்த வீட்டில் பதினான்கு பங்குகள் இருப்பதையும், பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திடாமல் ஒரு ஜன்னல் கதவைக்கூட விற்க முடியாது என்பதையும், மழைக்கு முன் ஓடு மாற்றவே வட்டிப் பணம் போய்விடுவதையும் எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. செட்டிநாட்டில் வீட்டின் அளவு, பாட்டனார் பர்மாவில் ஈட்டியதைச் சொல்லுமே தவிர, இன்று அதைக் கூட்டிப் பெருக்குகிறவரின் கையிருப்பைச் சொல்லாது. சான்று கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. கட்டி அதுவரை காத்திருக்காது என்பதால், அவர் மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் காப்பீட்டில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையை முடித்திருந்தோம்.

இந்த வருமான வரம்பு மாற்ற முடியாத ஒன்றன்று. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தன் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கியது. வயதை முன்னிட்டு வரம்பைத் தளர்த்த முடியுமானால், நோயை முன்னிட்டும் தளர்த்தலாம்.

தனியார் காப்பீட்டின் கதை வேறு. பெரியாத்தாவின் கட்டி, ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு டிராஸ்டுசுமாப் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு போட வேண்டும். இந்த மருந்து 2015 முதல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும், எங்கள் 3 லட்சம் ரூபாய்க் காப்பீடு பாதி ஊசிகளுக்கு முன்பே தீர்ந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் லெட்ரோசோல் என்னும் ஹார்மோன் தடுப்பு மாத்திரை. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 60 நாள்களோடு மாத்திரைச் செலவுக்குப் பாலிசி கணக்கை மூடிவிடுகிறது. மற்ற மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே புறநோயாளிச் செலவு என்பதால் அதுவும் இல்லை. அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் இடது கை வீங்கத் தொடங்கியபோது மருத்துவர் அழுத்த உறை ஒன்றை எழுதித் தந்தார். அதற்கான ரசீதும், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்துக்கான ரசீதும் ஏற்கத்தகாத பொருள்கள் என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வந்தன. நோயோ பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. பாலிசி கட்டிலில் படுத்திருந்த நாள்களை மட்டுமே எண்ணுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி இல்லை என்பது நல்ல செய்திதான். பிரீமியம் குறைந்தது, விலக்குகளின் பட்டியல் குறையவில்லை.

இதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சட்டம், மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு, மார்பக மறுசீரமைப்புக்கும் செயற்கை மார்பகத்துக்கும் கைவீக்கச் சிகிச்சைக்கும் சேர்த்தே தர வேண்டும் என்கிறது. அது அந்நிய நாட்டுக் கதை என்றால், நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள்: உடல் நோய்களுக்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்று அது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு நோய்க்கு நாடாளுமன்றம் எழுதிய வரியை இன்னொரு நோய்க்கும் எழுதலாம். வழக்கு மன்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் சாட்சி. ரைபோசிக்லிப் மாத்திரையைக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தை நாடிய மார்பகப் புற்றுநோயாளி ஒருவர், வழக்கு முடியும் முன் 2022இல் இறந்துபோனார்.

புற்றுநோயையும் சட்டமன்றத்தையும் ஒருசேர அறிந்திருந்த ஒருவர் எங்களுக்கு அடுத்த புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். கட்டடத்தை எழுப்புவதும் சட்டத்தை எழுதுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பாதிகள்.

அரசமைப்பின்படி மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலிலும், காப்பீடு மத்தியப் பட்டியலிலும் வருகின்றன. எனவே எங்கள் மனுவை இரண்டாக எழுதினோம். சட்டமன்ற உறுப்பினருக்கான மனுவில், திசுப் பரிசோதனையில் நோய் உறுதியானவுடன் வருமானச் சான்றுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்க வேண்டும் என்றும், மருத்துவ உரிமைச் சட்டமொன்றை 2023இல் ராஜஸ்தான் இயற்றியதைப் போல இங்கும் இயற்றி, இதை அரசாணையாக விடாமல் அதில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றிவிடும். நாடாளுமன்ற உறுப்பினருக்கான மனுவில், புறநோயாளியாகப் பெறும் ஊசி, மாத்திரை, பரிசோதனை ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை காப்பீடு ஏற்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை.

வளவு முற்றத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டியபோது, பெரியாத்தா வீங்கிய கையை மடியில் வைத்தபடி கடைசி வரைக்கும் கேட்டார்.

"எல்லாம் சரி ஆத்தா. இந்தக் கைக்குப் போடுற உறையை எழுதினியா?"

எழுதியிருக்கவில்லை. இரண்டாவது கோரிக்கையாக அதைச் சேர்த்த பிறகுதான் அவர் பேனாவை வாங்கினார்.