லினக்ஸ் மிண்ட்டில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: டிரைவர் போட்ட அனுபவம்

கணினி ஒரு பழைய லேப்டாப். உள்ளே இருந்த வைஃபை கார்டு போய்விட்டதால் வெளியே ஒரு யூஎஸ்பி அடாப்டர் செருக வேண்டிய நிலை. லினக்ஸ் மிண்ட் 22, கெர்னல் (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி) 6.8. அடாப்டர் டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யூ பிளஸ், நீள ஆன்டெனா வைத்தது. செருகியதும் ஒன்றும் நடக்கவில்லை. வைஃபை பட்டியல் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. லினக்ஸில் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இல்லாத சாதனம் இப்படித்தான் சத்தமில்லாமல் கிடக்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, பெட்டியில் இருக்கும் பெயரோடு ‘லினக்ஸ் டிரைவர்’ என்று சேர்த்துத் தேடுவது. அதில்தான் ஒரு நாள் வீணாகிறது. பெட்டிப் பெயர் கடைக்காரருக்கும் நமக்கும்தான். கெர்னலுக்குத் தெரிந்தது உள்ளே இருக்கும் சிப் மட்டுமே. டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்பில் ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸில் செருகினாலே ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பெயர் அதே பெயர், டிரைவர் முற்றிலும் வேறு. முதல் பதிப்புக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து இரண்டாம் பதிப்பை ஓட வைக்க முயன்றால் விடியும்வரை உட்கார்ந்தாலும் ஓடாது.

ஆகவே முதலில் டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்யூஎஸ்பி’ அடிக்க வேண்டும். (கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.) அடாப்டர் இல்லாமல் ஒருமுறை, செருகிய பிறகு ஒருமுறை. புதிதாக முளைத்த வரிதான் நம்முடையது. அதில் ‘ஐடி’ என்பதற்குப் பிறகு வரும் 2357:0120 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2357 தயாரிப்பாளருக்கானது, 0120 அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கானது. தேட வேண்டியது இந்த எண்ணைத்தான். தேடினால் ஆர்டிஎல்8821ஏயூ என்ற சிப் பெயர் கிடைக்கும்.

அதே கட்டளையோடு ‘-டி’ (‘ட்ரீ’ என்பதன் முதல் எழுத்து) சேர்த்து அடித்தால் மரம்போல ஒரு படம் வரும். நம் அடாப்டரின் கிளையில் ‘டிரைவர்=’ என்பதற்குப் பிறகு காலியாகவோ, ‘நன்’ என்றோ இருந்தால் எந்த டிரைவரும் அதைத் தொடவில்லை என்று பொருள். வரியின் கடைசியில் 480எம் என்று தெரிவது யூஎஸ்பி 2 வேகம். இந்த ஒரு வரியைப் பின்னால் பலமுறை பார்க்கப் போகிறோம்.

சிப் பெயரில் ஓர் எழுத்துகூட விட்டுவிடக் கூடாது. ரியல்டெக் பெயர்களில் பெரும்பாலும் கடைசி எழுத்து, சிப் எந்த வழியாகக் கணினியோடு பேசுகிறது என்பதைச் சொல்கிறது: யூ என்றால் யூஎஸ்பி, இ என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ், எஸ் என்றால் எஸ்டிஐஓ. அதற்கு முந்தைய எழுத்து தலைமுறை. 8821ஏயூ, 8821சியூ, 8821சிஇ மூன்றும் மூன்று வேறு சிப்கள். மிண்ட்டுக்கு அடித்தளமான உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் ‘ஆர்டிஎல்8821சிஇ-டிகேஎம்எஸ்’ என்ற பொதி (பேக்கேஜ்) இருக்கிறது. எண் ஒத்துப்போகிறதே என்று அதை நிறுவிவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் நிறைய. அது லேப்டாப்புக்குள் பொருத்தும் கார்டுக்கானது.

இன்னொரு மாயமும் உண்டு. சில அடாப்டர்களைச் செருகினால் எல்எஸ்யூஎஸ்பி 0பிடிஏ:1ஏ2பி என்ற ஐடியையும், ‘ஆர்டிஎல்8188ஜியூ’, ‘டிரைவர் சிடிராம் மோடு’ என்ற சொற்களையும் காட்டும். அந்தச் சிப் பெயரை நம்பாதீர்கள். விண்டோஸ் டிரைவர் கோப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு, அடாப்டர் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று காட்டிக்கொண்டு நிற்கும் நிலை அது. ‘யூஎஸ்பி-மோடுஸ்விட்ச்’ பொதியை நிறுவி, அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகினால் பெரும்பாலும் வேடம் கலைந்து உண்மையான ஐடி வரும். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை இஜெக்ட் செய்தாலும் சில நேரம் போதும். அதற்குப் பிறகுதான் சிப் என்ன என்று தேட வேண்டும்.

சிப் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, இருக்கிற கெர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியுமா என்பது. ‘யூநேம் -ஆர்’ கெர்னல் பதிப்பைச் சொல்லும். விண்டோஸ்போல ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி டிரைவர் இறக்கும் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ரியல்டெக்கின் வைஃபை சிப்களுக்குக் கெர்னலுக்குள் ‘ஆர்டிடபிள்யூ88’ என்ற டிரைவர் குடும்பம் இருக்கிறது. 6.2 கெர்னலில்தான் அதற்குள் யூஎஸ்பி ஆதரவு நுழைந்தது. 8821சியூ, 8822பியூ போன்றவை அப்போது வந்தன. நம்முடைய 8821ஏயூ அதற்கும் வெகுநாள் கழித்துத்தான். 6.8இல் இல்லை, 6.14இல் இருக்கிறது. அடாப்டர் ஊமையாக இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இரண்டு வழி இருக்கிறது. கெர்னலை உயர்த்துவது ஒன்று, டிரைவரின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) இறக்கி நாமே கம்பைல் செய்வது, அதாவது ஓடக்கூடிய வடிவமாக மாற்றுவது, மற்றொன்று. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பத்தில் ஒன்பது இரண்டாவது வழியைத்தான் சொல்கின்றன, ஏனென்றால் அவை எழுதப்பட்ட காலத்தில் முதல் வழி கிடையாது. இன்றைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். என்டிஸ்ராப்பர் என்ற பெயர் வரும் குறிப்பு எதையாவது கண்டால் அப்படியே மூடிவிடலாம். விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும் அந்தப் பழைய வித்தைக்கு இப்போது வேலையே இல்லை.

எந்த வழியானாலும் முதலில் இணையம் வேண்டும். வைஃபை வருவதற்கு வைஃபை வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்கு ஆண்ட்ராய்டு போன் போதும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போட்டால், கணினி அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே கணினிக்குக் கடத்தும். மொபைல் டேட்டா செலவாகாது. டெதரிங் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறதா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கம்பி இல்லாத கேபிள்கள் வீட்டில் எப்படியும் இரண்டு கிடக்கும்.

மிண்ட்டில் கெர்னல் உயர்த்துவது சுலபம். அப்டேட் மேனேஜரைத் திறந்து ‘வியூ’ மெனுவில் ‘லினக்ஸ் கெர்னல்ஸ்’. இடப்பக்கம் 6.14 அல்லது அதற்கு மேல் உள்ள வரிசையைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட். மிண்ட் 22.2 முதலே 6.14 கெர்னலோடு வருகிறது, அதைப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம். உபுண்டு 24.04 என்றால் ‘லினக்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-24.04’ என்ற பொதியை நிறுவினால் புதிய கெர்னல் வரும். புதியது சரிப்படவில்லை என்றால் பயமில்லை. பழைய கெர்னல் அழியாமல் இருக்கும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக அதற்குத் திரும்பலாம்.

ரீஸ்டார்ட் ஆனதும் எல்எஸ்யூஎஸ்பி -டி. டிரைவர் இடத்தில் 8821ஏயூ என்று முடியும் பெயர் தெரிந்தால் முடிந்தது. டிரைவர் பெயர் வந்தும் வைஃபை வரவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘சுடோ டிமெஸ்க்’ அடித்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் (‘சுடோ’ என்பது கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது). ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, எரர் -2 என்று ஒரு வரி இருக்கலாம். -2 என்றால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்பது மட்டுமே பொருள். டிரைவர் கெர்னலில் இருந்தாலும், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பொதியில் வருகிறது. அது பழையதாக இருந்தால் புதிய டிரைவர் கேட்கும் கோப்பு அதில் இருக்காது. அந்தப் பொதியை அப்டேட் செய்யுங்கள். சில நூறு எம்பி வரும், டெதரிங்கில் மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கெர்னலை உயர்த்த முடியாதவர்களுக்கு, அதாவது வேறு ஏதோ ஒரு சாதனத்துக்காகப் பழைய கெர்னலிலேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு, கம்பைல் செய்யும் வழி. தேவையான பொதிகள் நான்கு: பில்ட்-எசென்ஷியல் (கம்பைல் கருவிகள்), டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கம்பைல் செய்வது), கிட் (நிரலை இறக்குவது), பிறகு ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் (கம்பைலுக்குத் தேவையான கெர்னல் கோப்புகள்). நான்காவதுதான் அதிகம் சறுக்கும் இடம். ஹெடரின் பதிப்பு யூநேம் காட்டும் பதிப்போடு கடைசி எண் வரை ஒத்துப்போக வேண்டும். அப்டேட் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் தொடங்கினால் புதிய கெர்னலுக்கு ஹெடர் இருக்கும், ஓடுவது பழைய கெர்னலாக இருக்கும். எனவே அப்டேட், ரீஸ்டார்ட், அதன் பிறகே டிரைவர்.

மூல நிரலை, நிரல்கள் பகிரும் தளமான கிட்ஹப்பில் 8821ஏயூ என்று தேடினால் ஏகப்பட்ட பிரதிகள் வரும். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல், கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது என்று பாருங்கள். ரியல்டெக் கொடுத்த நிரலைத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். யாரும் தொடாமல் சில வருடம் கிடக்கும் பிரதி இன்றைய கெர்னலில் கம்பைலே ஆகாது. (இந்த ஒட்டுப்போடும் வேலையை வருடக்கணக்கில் செய்தவர்களில் ஒருவர் லாரி ஃபிங்கர், 2024 ஜூனில் காலமானார். ரியல்டெக் சிப்போடு லினக்ஸ் ஓட்டுகிற பலரும் அவர் பெயர் தெரியாமலே அவருக்குக் கடன்பட்டவர்கள்.) இறக்கிய ஃபோல்டருக்குள் நிறுவும் ஸ்கிரிப்ட் இருக்கும், அதைச் சுடோ போட்டு ஓட்ட வேண்டும். பழைய கணினியில் சில நிமிடம் ஆகும். முடிந்ததும் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடித்தால் டிரைவர் பெயருக்கு எதிரே ‘இன்ஸ்டால்டு’ என்று வர வேண்டும். ‘ஆடட்’ என்பதோடு நின்றால் கம்பைல் ஆகவில்லை. அப்போது திரையில் தெரியும் ‘பேட் எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ வரியால் ஒன்றும் புரியாது. உண்மையான காரணம், அதே இடத்தில் வழி காட்டப்படும் மேக்.லாக் கோப்பில் முதலில் வரும் ‘எரர்’ வரியில் இருக்கிறது. அடுத்தடுத்த எரர்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

கம்பைல் ஆகியும் மாட்யூல் (கம்பைல் ஆன டிரைவர்) ஏறாமல், ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால் காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு. நாம் வீட்டில் செய்த மாட்யூலில் கெர்னல் நம்பும் கையெழுத்து இல்லை. கெர்னலோடு வரும் டிரைவரில் இந்தத் தொல்லை கிடையாது, அது ஏற்கெனவே கையெழுத்தானது. செக்யூர் பூட் இயங்குகிறதா என்பதை ‘மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்’ சொல்லும். உபுண்டுவிலும் மிண்ட்டிலும் டிகேஎம்எஸ் நிறுவும்போதே, அந்தக் கையெழுத்துக்கான சாவியைப் (மோக்) பதிவு செய்ய ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், 8 முதல் 16 எழுத்து. அது லாகின் பாஸ்வேர்ட் அல்ல. அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரே ஒரு முறை கேட்கப்படும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும், கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், சாவி பதிவாகாது. டீ போட எழுந்து போகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விசையை அழுத்தி ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்ட், ரீபூட். அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும், ஆகவே பாஸ்வேர்டில் வெறும் எழுத்தும் எண்ணும் போதும். திரையைத் தவறவிட்டால், ‘மோக்யூடில் --இம்போர்ட்’ கொடுத்து அந்தச் சாவிக் கோப்பை மறுபடி வரிசையில் நிறுத்தி, மறுபடி ரீஸ்டார்ட்.

இப்படிக் கம்பைல் செய்தவர்கள் பின்னாளில் 6.14க்கு மாறினால் ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர் போட்டி போடும். எது முந்துகிறதோ அது பிடித்துக்கொள்ளும். கெர்னலை மாற்றும் முன் அதே ஃபோல்டரில் உள்ள நீக்கும் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, நாம் போட்டதை எடுத்துவிடுவது நல்லது.

வைஃபை வந்தபின் ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ அடித்தால் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி 12 எழுத்து, எண்கள் நீளும் விசித்திரப் பெயர் தெரியும். அது கோளாறு அல்ல. யூஎஸ்பி அடாப்டர்களுக்கு அவற்றின் மேக் முகவரியையே (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) பெயராக வைப்பது வழக்கம்.

இணைப்பு அடிக்கடி விட்டு விட்டு வந்தால் பவர் சேவிங்கைச் சந்தேகிக்கலாம். ஈடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி, அதில் ‘டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்’ என்ற கோப்பு. அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் மின்சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. அதற்கும் அடங்காமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் தடுமாறினால், பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரைத் தள்ளி வைத்தால் போதும்.

இன்னும் அடாப்டர் வாங்காதவர்கள் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதைத் தேடுங்கள். அதன் டிரைவர் 4.19 கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, அதற்குக் கெர்னல் 5.18 அல்லது அதற்கு மேல். விலை கொஞ்சம் கூடும், கடையில் சிப் பெயர் கேட்டால் விழிப்பார்கள். மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் வைத்து வீட்டிலேயே தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.