சி.ஜி.பி.ஏ. 6.43, கேட் ஸ்கோர் 713: எங்கெங்கே விண்ணப்பித்தேன்

2024 மார்ச் கடைசியில் கேட் (பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான தேசிய அளவிலான தேர்வு) ஸ்கோர் அட்டையைப் பதிவிறக்கம் செய்து, கல்லூரி மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையில் 713 (ஆயிரத்துக்கு). பட்டியலில் ஏழு பருவங்கள் முடிந்து சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவங்களுக்குமான சராசரிப் புள்ளி, பத்துக்கு) 6.43, மூன்று அரியர் எழுதித் தேறிய விவரத்தோடு. சிவில் இன்ஜினீயரிங். எம்.டெக். படிக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. எங்கே கேட்பது, எங்கே கேட்டால் பணமும் நாளும் வீண் என்பது தெரியவில்லை. அந்த இரண்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில், இந்த இரண்டு எண்களும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்பது உங்களுக்கே புரிந்திருக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். 2020இல் கல்லூரியில் சேர்ந்தபோது கொரோனா காலம், வகுப்புகள் கைபேசியில் நடந்தன. முதன்முதலாகத் தேர்வறையில் உட்கார்ந்து பருவத் தேர்வு எழுதியது நான்காம் பருவத்தில்தான். 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று, எல்லாமே பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் விளக்க வேண்டியவை. கணக்கு வந்தது, விளக்கம் வரவில்லை. மூன்று தாள்கள் போயின. அதில் ஒன்று அப்ளைடு ஹைட்ராலிக்ஸ், நீரோட்டத்தைப் பற்றிய பாடம். கேட் தேர்வோ வேறு மாதிரி. 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், கொடுத்த விடைகளில் சரியானதை (சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதை) தேர்ந்தெடுத்தாலோ ஓர் எண்ணைக் கொடுத்தாலோ போதும். எனக்குத் தெரிந்ததை அது அப்படியே அளந்தது. இதை எனக்குள் தெளிவாக்கிக்கொண்ட பிறகுதான் தாழ்வு மனப்பான்மை இல்லாமல் படிவங்களை நிரப்ப முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எல்லோரும் கையில் எடுப்பது போன ஆண்டின் கட்‑ஆஃப் பட்டியலைத்தான். நானும் அதைத்தான் எடுத்தேன். அது தவறு. குறைந்த சி.ஜி.பி.ஏ. உங்களைத் தடுக்கக்கூடிய இடங்கள் இரண்டே: உள்ளே நுழையும் தகுதிக்கோடு, நேர்முகத் தேர்வு. இவை இரண்டும் இல்லாத இடத்தில் கேட் ஸ்கோர் மட்டும்தான் பேசும். ஆகவே தகவல் கையேட்டில் தகுதி பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். கட்‑ஆஃப் அதற்குப் பிறகு.

என்.ஐ.டி.களுக்கான பொதுக் கலந்தாய்வை சி.சி.எம்.டி. என்பார்கள். அங்கே தரவரிசைக்குக் கேட் ஸ்கோர் மட்டும்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் எடுத்த எந்த ஸ்கோரும் செல்லும். ஆனால் வாசலில் ஒரு கோடு இருக்கிறது: சி.ஜி.பி.ஏ. 6.5 அல்லது 60 விழுக்காடு. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 6.0 அல்லது 55 விழுக்காடு. என் 6.43 அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இறுதியாண்டு மாணவர்கள் பதிவு செய்யலாம், பட்டப்படிப்பு முடிவைக் குறிப்பிட்ட நாளுக்குள் காட்டினால் போதும் என்ற விதிதான் எனக்குக் கிடைத்த ஒரே இடைவெளி. எட்டாம் பருவம் முழுவதும் அந்த 0.07ஐ நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அதில் கைகொடுத்தது ப்ராஜெக்ட். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த கேட் குறிப்பேடுகள் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே கோலமாவு டப்பாவையும் தேங்காய் மூடியையும் பாரமாக வைத்துக் காயப்போட்டார். நீல மை கரைந்து, கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரம் இருந்த பக்கம் வெறும் மேகமாகக் கிடந்தது. பென்சிலில் எழுதியவை மட்டும் தப்பின. சுவர்களில் வண்டல் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது. நாங்கள் நான்கு பேர் டம்பி லெவலும் (உயரம் அளக்கும் கருவி) அளவுகோலும் தூக்கிக்கொண்டு சிந்துபூந்துறை, ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று தெருத்தெருவாகப் போய் வெள்ளக் குறிகளின் உயரத்தை எடுத்தோம். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர், சுவரைக் கழுவிவிட்டதற்காக வருத்தப்பட்டு, கதவில் தன் தோள் உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். எட்டாம் பருவ முடிவு வந்தபோது சி.ஜி.பி.ஏ. 6.61. எல்லோரும் கடைசிப் பருவத்தைக் கைவிட்டுவிடும் நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட்டுக்கான கிரெடிட் அதிகம், தகுதிக்கோட்டைத் தாண்ட அது போதுமானதாக இருக்கக்கூடும்.

ஐ.ஐ.டி.கள் வேறு கதை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தகுதி விதியும் ஒவ்வொன்றுக்கும் தனி. இடம் கிடைத்தால் மட்டும் சி.ஓ.ஏ.பி. என்ற பொதுத் தளத்தில் அழைப்பு வரும். அதை ஏற்று முடிக்கலாம், கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மறுத்த இடம் மறுபடி வராது. சில துறைகள் கேட் ஸ்கோரை மட்டும் பார்க்கின்றன, சில எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைக்கின்றன. ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். என்றால் நேர்முகம் உறுதி. எங்களைப் போன்றவர்கள் நேர்முகமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறோம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு இடங்களிலாவது உட்காருங்கள்.

நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். பட்டியலைப் புரட்டிய பேராசிரியர், "ஹைட்ராலிக்ஸில் அரியர் வைத்துவிட்டு ஹைட்ராலிக்ஸே கேட்கிறீர்களா?" என்றார். மறைக்காமல் காரணத்தைச் சொன்னேன். ஹைட்ராலிக் ஜம்ப்பைக் கரும்பலகையில் வரையச் சொன்னார். சிறுவயதில் சுத்தமல்லி அணைக்கட்டில் மணிக்கணக்காகப் பார்த்து நின்ற காட்சி அது: வழுக்கிக்கொண்டு இறங்கும் மெல்லிய நீர், கீழே சட்டென்று எழும்பி நுரைத்து, பிறகு தடித்து மெதுவாகப் போகும். அதையே வரைந்து, சமன்பாட்டையும் எழுதினேன். பிறகு கேள்விகள் வெள்ளக் குறிகளைப் பற்றித் திரும்பின. அங்கே இறுதிப் பட்டியலில் என் பெயர் வரவில்லை என்றாலும், அந்த இருபது நிமிடம் எனக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதை உறுதியாக்கியது.

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. சிவிலில் பெரும்பாலோர் ஸ்ட்ரக்சரல் (கட்டுமான வடிவமைப்பு) கேட்பார்கள், அதனால் அங்கே போட்டி கடுமை. நீர்வளம், மண்ணியல், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் அதே ஸ்கோருக்கு இன்னும் நல்ல கல்லூரி கிடைக்கும். ஆனால் சீட்டுக்காக மட்டும் பிடிக்காத பிரிவில் போய் உட்காராதீர்கள், இரண்டு ஆண்டு நீளமானது. எனக்கு ஆறு பிடித்திருந்தது. சி.சி.எம்.டி.யில் நீர்வளப் பிரிவுகளை முதலில் அடுக்கி, சூரத்கல் என்.ஐ.டி.யில் சேர்ந்தேன். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் வருகிறது.

இன்னொன்று, இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியக் கலந்தாய்வில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. என்.சி.எல். (வசதி வரம்புக்குக் கீழுள்ள பிற பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். விசாரணை, கையெழுத்து என்று நாள் பிடிக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ‑சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

கடைசி வரை 6.5 தொடவில்லை என்றால்? சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தங்கை இந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வந்தார். கேட் ஸ்கோர் நன்றாக இருந்தது, சி.ஜி.பி.ஏ. 6.2. என்.ஐ.டி. படிவத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ்நாட்டின் முதுநிலைக் கலந்தாய்வான டான்கா கையேட்டைத் திறந்தோம். அங்கே பட்டப்படிப்பில் 50 விழுக்காடு இருந்தால் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கேட் எழுதியவர்களுக்குக் கலந்தாய்வு முதலில் நடக்கும், மாநில நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் அதற்குப் பிறகுதான். 1794இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் நீர்வளப் படிப்பு இருக்கிறது. அவர் முதல் விருப்பமாக அதைப் போட்டார். ஆகஸ்டில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட அவருடைய அப்பாவோடு நானும் போயிருந்தேன்.