அப்பாவின் கை நீளம்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

இன்று ஆப்டிக்ஸ் லேபில் குவிலென்ஸின் குவியத் தூரம் கண்டுபிடிக்கும் சோதனை. ஜன்னலுக்கு நேராக லென்ஸை நிறுத்திவிட்டு, பின்னால் வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன். வெளியே நின்ற மரம் சட்டென்று தலைகீழாக, விரல் நீளத்தில், தாளில் வந்து விழுந்தது. இலைகள் அசைவதுகூடத் தெரிந்தது. இதைப் படமாக வரைந்து எத்தனையோ முறை மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது அசைந்து பார்த்தது இன்றுதான். குறிப்பெடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

இரவு அப்பாவுக்கு எல்லாவற்றையும் நீளமாக எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது. சில மாதங்களாகவே இப்படித்தான். முன்பு நான் நாலு வரி எழுதினால் ஆறு கேள்வி கேட்பார். விடுதிக்கு வந்த பிறகு நான் அவருக்குத் தூரமாகிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நூலகத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மாலை முழுக்க மழை. நல்ல நாள்.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுக்கு வந்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் அம்மா என் பையை வாங்கிக்கொண்ட வேகத்திலேயே பாதி அசதி போய்விட்டது.

மாலை அப்பா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முகத்துக்கு அருகில், பிறகு தள்ளி, பிறகு கையை முழுதாக நீட்டி. கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு, "இதுல தேதி என்னடா போட்டிருக்கு?" என்றார்.

தம்பி தேதியைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ அனுப்புறதையும் நான்தான் படிச்சுக் காட்டுறேன். ஒரு வரி விடாம கேப்பாரு. மரம் தலைகீழா விழுந்ததை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பத்து நாள் முன்புதான் தாளை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைத் தேடினேன். அப்பா அதையேதான் தினமும் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"ஃபோன்தான் மங்கலா இருக்குன்னு நெனச்சேன்மா. அப்புறம் தெரிஞ்சது. படிக்கிற பொண்ணு, இதுக்கெல்லாம் கவலைப்படுவேன்னு விட்டுட்டேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் அப்பாவை உட்காரவைத்து ஸ்கேலும் செய்தித்தாளுமாக அளந்தேன். எழுத்து தெளியும் மிகக் குறைந்த தூரம் 50 செ.மீ. பாடப்புத்தகக் கணக்குப்படி அது 25 செ.மீ. ஆக இருக்க வேண்டும். தூரத்தை மீட்டரில் போட்டால், 1/0.25 கழித்தல் 1/0.50, அதாவது 4 − 2. அப்பாவுக்கு வேண்டிய கண்ணாடியின் பலம் பிளஸ் 2 டயாப்டர். தேர்வில் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இன்று கழித்தல் குறி போடவே நேரமானது.

பத்து வயதுப் பிள்ளையால் 7, 8 செ.மீ. வரைக்கும் நெருங்கிப் பார்க்க முடியும். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுகிறது. அருகில் பார்க்கும்போது அது உப்பிக்கொள்ள வேண்டும், ஆனால் வளைந்துகொடுக்க மறுக்கிறது. அந்த லென்ஸ் வாழ்நாள் முழுக்க மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய செல்கள் உதிர்வதில்லை. நடுவில் இருப்பவை பிறப்பதற்கு முன்பே உருவானவை. அப்பா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உண்டான ஒரு துளி வழியாகத்தான் இன்றும் என்னைப் பார்க்கிறார். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டிகிட்ட சொல்லு" என்றார்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். கறுப்பு எழுத்து வெளிறிப்போவதை எந்த மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

அப்பாவின் கண் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். கண் அழுத்தமும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. என் கணக்கு பிளஸ் 2, அவர்கள் எழுதிக் கொடுத்தது பிளஸ் 1.5. ஏன் என்று கேட்டேன். படிக்கும் தூரத்தை 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வார்களாம். அதோடு கண் தன் முழுப் பலத்தையும் செலவழிக்கக் கூடாது, பாதியைக் கையிருப்பில் விட்டால்தான் வலிக்காமல் நெடுநேரம் படிக்க முடியும் என்றார் சோதித்தவர். என் சூத்திரத்தில் சோர்வு என்று ஒரு சொல்லே இல்லை. நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முழுச் சந்திர கிரகணம். நிலவு பூமியின் நிழலுக்குள் முழுதாக இருக்கும் நேரம் மட்டும் 82 நிமிடம். எல்லோரும் மாடிக்குப் போனோம். அம்மா பாய் விரித்தாள். தம்பி பாதியிலேயே தூங்கிவிட்டான்.

என் கண்ணாடி மைனஸ் 2.5. அதைக் கழற்றிவிட்டால் 40 செ.மீ.க்கு அப்பால் உலகமே எனக்கு மங்கல். துடைப்பதற்காகக் கழற்றியபோது வானத்தில் ஒரு செம்புக் கறை மட்டும்தான் இருந்தது. அப்பா வெறுங்கண்ணால் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல்பக்கம் கறுப்பு ஜாஸ்தி. கீழ விளிம்புல லேசா வெளிச்சம் இருக்கு." நான் கண்ணாடியைப் போடாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஏன் சிவப்பு என்று கேட்டார். பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை லென்ஸ் மாதிரி உள்பக்கமாக வளைக்கிறது, வழியில் நீலம் சிதறிவிடுகிறது, மிச்சமிருக்கும் சிவப்புதான் நிலவில் விழுகிறது என்றேன். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஆறு. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவிடமிருந்து பதினோரு வரிச் செய்தி. தானே தட்டியிருக்கிறார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. நிலவில் இருந்து அந்த நேரத்தில் பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்.

சுற்றிலும் சிவப்பு வளையம் போட்டுத் தெரியும், அப்பா. உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.