யாரால் கூறப்படுகிறது?

2010 ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. நான் நாளிதழின் செய்தி டெஸ்க்கில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நம் கிரையோஜெனிக் இயந்திரத்தோடு கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. கடலில் விழுந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது என்பதால், ராக்கெட் என்று எது வந்தாலும் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். அன்று செய்தி ஏஜென்சியில் இருந்து வந்த காப்பி அமெரிக்காவைப் பற்றியது. ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலில் இருந்து அட்லஸ்-5 ராக்கெட்டில் எக்ஸ்-37பி என்ற ஆளில்லா விண்வெளி விமானம் போயிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று விமானப்படை சொல்லவில்லை. எப்போது திரும்பும் என்று தங்களுக்கே உறுதியாகத் தெரியாது என்று கேரி பேட்டன் என்ற விமானப்படை அதிகாரி முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஒன்பது வரியில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைமை உதவி ஆசிரியரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் படித்துவிட்டுச் சிவப்பு மையால் நான்கு இடத்தில் வட்டம் போட்டார். நான்கும் ஒரே சொல்: கூறப்படுகிறது.

"தம்பி, இந்த நாலு இடத்துலயும் யாரு கூறினாங்க?"

எனக்குப் பதில் இல்லை. உளவு பார்க்கப் போவதாகக் கூறப்படுகிறது. ஆயுதம் இருக்கலாம் எனக் கூறப்படுகிறது. ஆங்கிலக் காப்பியில் பெயர் இல்லாத "நிபுணர்கள்" என்று இருந்தது. தமிழில் அதைக் கொண்டுவரும்போது அந்த நிபுணர்கள்கூடக் காணாமல் போயிருந்தார்கள். பேசுபவரே இல்லாமல் ஒரு பேச்சு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது.

சார் அந்த நான்கையும் அடித்தார். செய்தி ஐந்து வரியானது. மீதி இடத்தை நிரப்ப விமானத்தின் அளவு கேட்டார். நீளம் 8.9 மீட்டர், சிறகுகளின் விரிவு 4.5 மீட்டர், கிளம்பும்போது எடை ஏறக்குறைய 5 டன். "சரக்கு வைக்கிற இடம் எவ்வளவு?" சுமார் 2.1 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குட்டியானை வண்டியோட பின்பக்கம் மாதிரி. அப்படியே எழுது, படிக்கிறவனுக்குப் புரியும்" என்றார். எழுதினேன். மறுநாள் டீக்கடையில் இரண்டு பேர் அந்த வரியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உளவா ஆயுதமா என்று நாங்கள் சொல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை.

அந்த வாரம் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: கிளம்பியது, இறங்கியது, நாள்கள். அந்த விமானம் 224 நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. இறங்கும்போது ஒரு டயர் வெடித்தது. அப்புறம் படம் வந்தது. முழு உடலையும் மூடிய வெள்ளை உடை அணிந்த ஆட்கள் அதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சுக் கவசம் என்று பக்கத்து மேஜையில் படக்குறிப்பே தயாராகிவிட்டது. எரிபொருளின் நச்சு ஆவி கசிகிறதா என்று பார்ப்பதற்கான உடை அது. நாசாவில் விண்வெளி ஓடம் இறங்கியபோதும் இப்படி உடை அணிந்தவர்கள்தான் முதலில் போனார்கள். பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டியதும் குறிப்பை மாற்றினார்கள்.

சார் இல்லாத ஒரு நாளில்தான் பெரிய தப்பு நடந்தது. 2012 ஜனவரி. இரண்டாவது பயணம் நடந்துகொண்டிருந்தது. இந்த விமானம் சீனாவின் தியாங்கோங்-1 விண்வெளி நிலையத்தை உளவு பார்ப்பதாக ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. "சீன நிலையத்தை வேவு பார்க்கும் மர்ம விமானம்" என்று நான்கு பத்தி அகலத்தில் போட்டோம். தலைப்பு என்னுடையது. அன்றிரவு அந்தத் தலைப்பை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் நீல மையில் பந்து போல ஒரு பூமி, அதைச் சுற்றி இரண்டு வளையங்கள் வரைந்திருந்தார். இரண்டும் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரே சாய்வில், 43 பாகை அளவில்தான் சுற்றுகின்றன, ஆனால் சுற்றும் தளங்கள் வேறு என்று விளக்கியிருந்தார். வீட்டில் இரண்டு வளையல் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகிப் பாருங்கள், அவை இரண்டே இடத்தில்தான் ஒன்றை ஒன்று கடக்கும். அந்த இடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்கூட விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போய்விடும், அதில் என்னத்தை வேவு பார்ப்பது என்று கேட்டிருந்தார். வானத்தைக் கவனிக்கும் ஆர்வலர்களும் அதே வாரத்தில் இதைத்தான் சொன்னார்கள். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வீட்டு மாடியில் நின்று, முதல் பயணத்தின் பாதையை 2010 மே மாதமே கண்டுபிடித்த கூட்டம் அது. அவர்கள் கணக்கை நான் தேடிப் படித்திருந்தால் அந்தத் தலைப்பை வைத்திருக்க மாட்டேன்.

கடிதத்தை சாரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. திருத்தம் போடச் சொல்லி மேலே எழுதி அனுப்பினார். அது வெளிவரவே இல்லை. நான்கு பத்தி அகலத்தில் தப்பாகச் சொன்னதை நான்கு வரியில் திருத்தக்கூட இடம் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அந்த ஆசிரியருக்கு நானே பதில் எழுதினேன், மன்னிப்புக் கேட்டு.

நோட்டில் வரிசை வளர்ந்தது. 270 நாளுக்கு வடிவமைத்த வண்டி, மூன்றாம் பயணத்தில் 674 நாள், நான்காவதில் 718, ஐந்தாவதில் 780 என்று போய்க்கொண்டே இருந்தது. விண்வெளி ஓடத்தின் மிக நீண்ட பயணமே பதினெட்டு நாளைத் தொடவில்லை. ஆள் இல்லை என்றால் மூச்சுக் காற்று வேண்டாம், சாப்பாடு வேண்டாம். சூரியத் தகடு விரித்து மின்சாரம் எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கலாம். போயிங் கட்டிய இரண்டே வண்டிகள்தான் மாறி மாறிப் போய்வருகின்றன.

சொன்னவர் பெயரைத் தேடும் பழக்கம் வந்த பிறகு, இந்த ரகசியத்தைச் சுற்றிப் பெயரோடு பேசுபவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய ஆரம்பித்தது. 2019 ஜூலையில், விமானப்படைச் செயலர் பதவியில் இருந்து விலகியிருந்த ஹெதர் வில்சன் ஒரு மேடையில், இது முட்டை வடிவப் பாதையில் சுற்றக்கூடியது, வளிமண்டலத்தை நெருங்கும்போது பாதையை மாற்றிக்கொள்ளும், அடுத்து எங்கே தலைகாட்டும் என்று எதிராளிக்குத் தெரியாது என்று பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் ஐந்தாவது பயணம் முடிந்தபோது, சிறு செயற்கைக்கோள்களையும் வெளியே விட்டதாக விமானப்படை அறிவித்தது. அவற்றை அமெரிக்கா ஐ.நா.வின் விண்பொருள் பதிவேட்டுக்குத் தெரிவிக்கவில்லை என்று வானியலாளர் ஜொனாதன் மெக்டவல் சுட்டிக்காட்டினார். எனக்கு அன்று கோபம் வந்தது, உண்மையிலேயே. எல்லோர் தலைக்கு மேலும் சுற்றும் ஒரு பொருளை, பெட்டிக்குள் என்ன என்று சொல்லாவிட்டாலும், அது அங்கே இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டும். அந்தச் செய்தியை மெக்டவல் பெயரோடு போட்டேன். ஒரு "கூறப்படுகிறது"கூட இல்லை.

ஆறாவது பயணம் 2020 மே 17. ஊரடங்கு. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து எழுதினேன். எங்கள் இரண்டாவது பெண் பிறந்து பதினொரு நாள். அந்த முறை அவர்களே கொஞ்சம் வாய் திறந்திருந்தார்கள்: சூரிய ஒளியை மைக்ரோவேவாக மாற்றும் கடற்படை ஆய்வகத்தின் ஒரு கருவி, விமானப்படை அகாடமி மாணவர்களின் ஒரு குட்டிச் செயற்கைக்கோள், விதைகளைக் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று பார்க்கும் நாசாவின் ஒரு சோதனை. விதை என்றதும் அம்மா மேஜைப் பக்கம் வந்து, "நெல்லா, பயறா?" என்று கேட்டார்.

அது இறங்கியது 2022 நவம்பர் 12, 908 நாள் கழித்து. ஃபுளோரிடாவில் விடியற்காலை, நமக்குப் பிற்பகல் நான்கு மணியை ஒட்டி. அன்று சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டிய செய்தியும் படமும் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. வயலெல்லாம் ஏரியாகக் கிடந்தது. விண்வெளி விமானத்துக்குப் பதினொன்றாம் பக்கத்தில் ஆறு வரி கிடைத்தது. அன்றைக்கு அது போதும். சார் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வுபெற்றுப் போயிருந்தார். நோட்டில் 908 என்று எழுதியபோது, அதைக் காட்ட அவர் மேஜைப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டில் பெண் ஓடவும் பேசவும் ஆரம்பித்திருந்தாள்.

ஏழாவது பயணம் 2023 டிசம்பரில் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் போனது. சில வாரத்தில், ஃபின்லாந்து ஆர்வலர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். பூமியில் இருந்து 300 கிலோமீட்டர் சொச்சத்தில் தொடங்கி 38,000 கிலோமீட்டருக்கு மேல் போகும் நீண்ட முட்டைப் பாதை. 2024 அக்டோபரில், வளிமண்டலத்தில் உரசி வேகத்தைக் குறைத்துப் பாதையை மாற்றப் போவதாக அமெரிக்க விண்வெளிப் படையே அறிவித்தது. ஐந்து வருடம் முன் வில்சன் பேசியதை எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து அரைப் பக்கக் கட்டுரையாக எழுதினேன். என் வேலையில் நான் மனநிறைவோடு நினைத்துக்கொள்ளும் சில கட்டுரைகளில் அது ஒன்று. வளையல் கடிதம் எழுதிய ஆசிரியர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவருடைய மகன் பதில் போட்டிருந்தார்: அப்பா இல்லை, கட்டுரையை அவர் படத்துக்கு முன்னால் வைத்தோம் என்று.

2025 ஆகஸ்ட் 22. எட்டாவது பயணம், காலை ஒன்பது இருபதுக்குக் கிளம்பியிருந்தது. டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் காப்பியைக் கொடுத்தேன். லேசர் வழியே தகவல் அனுப்பும் சோதனை, ஜி.பி.எஸ். இல்லாமல் இடம் அறிய உதவும் குவாண்டம் உணர்கருவி என்று தெளிவாகவே எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியில் மட்டும், "இது எதிரி நாட்டுச் செயற்கைக்கோள்களை முடக்கவல்லது எனக் கூறப்படுகிறது."

"யாரும்மா கூறினாங்க?" என்றேன்.

திரையை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். "யாருமில்ல சார்."

அந்த வரியை அவளே அழித்தாள். இரண்டு வரி இடம் காலியானது. சரக்கு அறையின் அளவு எவ்வளவு என்று கேட்டு, தேடிச் சேர்த்துக்கொண்டாள். நான் நோட்டை எடுத்து எட்டாவது வரிசையில் கிளம்பிய தேதியை எழுதினேன்.