பட்டத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி வாழ்த்துவோம்: டர்பனில் குற்றவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக

ஏப்ரல், மே வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டமளிப்புப் படங்கள் வந்து குவியும். கவுன், தொப்பி, பட்டுப்புடவையில் அம்மா, நாற்காலியில் ஆயா. படத்துக்குக் கீழே பல நேரம் ஒரே வரிதான்: “எங்கள் வீட்டில் ஒரு வக்கீல்!” பெண் முடித்திருப்பதோ குற்றவியலில் இளங்கலை. வக்கீல் படிப்பு வேறு, இது வேறு. மூன்று வருடம் அவள் என்ன படித்தாள் என்று தெரிந்துகொண்டு வாழ்த்தினால் அந்த வாழ்த்துக்கு எடை கூடும். அதற்கு இந்தத் துறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் தடய ஆய்வும் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில், கலைப்புலத்தின் கீழ் வருகின்றன. இளங்கலைக்கு மூன்று வருடம், குறைந்தது 360 கிரெடிட். வக்கீல் படிப்பான எல்எல்பிக்கு நான்கு வருடம், குறைந்தது 480 கிரெடிட். இளங்கலைக்குப் பிறகு வரும் ஆனர்ஸுக்குக் குறைந்தது 120, முதுகலைக்கு 180, முனைவர் பட்டத்துக்கு 360. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 160 மணி நேரம் ஆகும். வகுப்பில் உட்கார்வது அதில் சிறு பங்குதான், மீதி வாசிப்பும் எழுத்தும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற போலீஸ்காரர்களும் பாதுகாப்புத் துறையினரும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவில் தொலைநிலையில் சேர்கிறார்கள். இரவுப் பணி முடித்து வந்து கட்டுரை எழுதி வாங்கிய பட்டம் அது. நேரில் போய்ப் படித்ததைவிட அதைக் குறைவாக நினைப்பது நியாயமில்லை.

தடய ஆய்வு என்ற பெயரைக் கேட்டதும் டிஎன்ஏ ஆய்வுக்கூடத்தில் வேலை என்று பெற்றோர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கூடத்து வேலைக்கு வேதியியல், உயிரியல், மரபியல் படித்திருக்க வேண்டும். குற்றவியல் மாணவர் படிப்பது குற்றம் ஏன் நடக்கிறது, எப்படி விசாரிக்கப்படுகிறது, தண்டனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது என்பது. அரசு வழக்கறிஞராக எல்எல்பி கட்டாயம். நன்னடத்தை அதிகாரியாக வேண்டுமானால் சமூகப்பணிப் பட்டமும் அதற்கான பதிவும் வேண்டும். குற்றவியல் பட்டத்தோடு போகக்கூடிய இடங்கள் சிறைத்துறை, காவல்துறை, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மோசடி விசாரணை, குற்றம் செய்தவர்களின் மறுவாழ்வுக்காக 1910 முதல் இயங்கிவரும் நிக்ரோ போன்ற தொண்டு நிறுவனங்கள். முதல் வருடத்திலேயே இதை வீட்டில் பேசிவிட்டால் மூன்றாம் வருடத்தில் கண்ணீர் இருக்காது.

இந்தப் படிப்பில் நாங்கள் பெரிதாக மதிக்கும் திறமை, புள்ளிவிவரத்தைப் பயப்படாமல், அவசரப்படாமல் படிப்பது. தென்னாப்பிரிக்கக் காவல்துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குற்ற எண்ணிக்கைகளை வெளியிடுகிறது. அதன் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நிறைய மாணவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்: 2022/23 எண்ணிக்கையை எடுத்து, 2022 ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்த இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுவிடுவார்கள். அடுத்தது விகிதம். 2022/23-இல் நாடு முழுக்கப் பதிவான கொலைகள் 27,494. ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 45. இதே கணக்கை டர்பன் நகர மையத்துக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். அங்கே குடியிருப்பவர் குறைவு, பகலில் வந்து போகிறவர் ஏராளம். குடியிருப்போர் தொகையால் வகுத்தால் விகிதம் தாறுமாறாக ஏறிவிடும்.

சின்ன எண்ணிக்கைகளில் சதவீதம் ஆளை மயக்கும். ஒரு காவல் நிலையத்தில் 4 கொலை 6 ஆனால் “50 சதவீதம் உயர்வு” என்று தலைப்புப் போட்டுவிடலாம். அடுத்த வருடம் அது மறுபடி 4 ஆகலாம். குறைந்தது ஐந்து வருட எண்களை வரிசையாக வைத்துப் பார்க்காமல் ஏறியது, இறங்கியது என்று எழுதக் கூடாது.

எந்தக் குற்றத்தின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஒரு படிப்புதான். கொலைக்கு உடல் இருப்பதால் அதை மறைப்பது கடினம். கார் திருட்டு பெரும்பாலும் பதிவாகிவிடும், காரணம் காப்பீடு: வழக்கு எண் இல்லாமல் நிறுவனம் பணம் தராது. அந்த எண்ணே ஒரு தகவல். 212/05/2024 என்றால் 2024 மே மாதத்தில் அந்த நிலையத்தில் பதிவான 212ஆவது வழக்கு. பாலியல் வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் அடிதடி இவற்றின் எண்கள் நடந்ததைவிட மிகக் குறைவு. போதைப்பொருள் வழக்குகள் இதற்கு நேர்மாறாக நடக்கும்: போலீஸ் அதிகம் தேடினால் எண்ணிக்கை ஏறும், தேடாவிட்டால் இறங்கும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் போதைப்பொருள் வழக்கு கூடியிருக்கிறது என்றால் பழக்கம் கூடியதா, சோதனை கூடியதா என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பட்டம் அப்போதே கிடைத்துவிட்டது என்போம்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனிப்பதை யாரும் தவறவிட வேண்டாம். குற்ற வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சாட்ஸ்வர்த்திலோ வெருலத்திலோ உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு யாரும் போகலாம். காலை 8.30-க்குப் போய்விடுங்கள், வழக்குப் பட்டியலைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள், போனை அணைத்து வையுங்கள், உள்ளே போகும்போதும் வரும்போதும் தலை தாழ்த்துங்கள். குற்றம்சாட்டப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் வெளியாள் அமர முடியாது. பாலியல் வழக்குகளிலும் சாட்சியத்தின்போது வெளியே அனுப்புவார்கள். முதல் முறை ஆஜராகும் வழக்குகளைப் பாருங்கள். கைதான 48 மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்களா? அந்தக் கெடு நீதிமன்றம் நடக்காத நேரத்தில் முடிந்தால் அடுத்த வேலை நாள் வரை தள்ளும். திங்கட்கிழமை காலையில் ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்கு விடை அதுதான். ஜாமீன் விசாரணையைத் தள்ளிவைத்தால் ஒரு தடவைக்கு 7 நாளுக்கு மேல் போகக் கூடாது.

நோட்டில் ஐந்து பத்திகள் கோடு போட்டு வையுங்கள்: குற்றச்சாட்டு, வக்கீல் இருந்தாரா, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா, என்ன முடிவு, தள்ளிவைத்தால் காரணம். கடைசிப் பத்திதான் பொக்கிஷம். ஆவணம் வரவில்லை, சாட்சி வரவில்லை, கூடத்து அறிக்கை வரவில்லை என்று நாள் முழுக்க வரும். ஜூரி இங்கே 1969-இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. சினிமா பார்த்து வந்தவர்கள் பன்னிரண்டு பேரைத் தேட வேண்டாம். மாவட்ட நீதிமன்றம் பொதுவாக 3 வருடம் வரை, மண்டல நீதிமன்றம் 15 வருடம் வரை சிறை விதிக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வழக்கு ஏன் அந்த அறைக்கு வந்தது என்று புரியும்.

ஆய்வேட்டில் பலர் ஒரு வருடத்தை இழப்பது அனுமதிக் காகிதத்தில்தான். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒன்று, காவல்துறையோ சிறைத்துறையோ தரும் நுழைவு அனுமதி இன்னொன்று. ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கும். இரண்டும் கைக்கு வராமல் ஒரு நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அந்தத் தரவு முழுக்க வீண், பின்தேதியிட்டு யாரும் ஒப்புதல் தர மாட்டார்கள். ஒரு வருடப் படிப்பான ஆனர்ஸுக்குக் கைதிகளை நேர்காணும் தலைப்பை எடுக்க வேண்டாம் என்றே சொல்வோம். வெளியான தீர்ப்புகள், நாடாளுமன்ற ஆவணங்கள், காவல்துறையின் எண்கள் இவற்றை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தோடு சூலு மக்களின் மொழியான இசிசூலுவிலும் தயார் செய்யுங்கள். 2014 முதல் இசிசூலு தெரியாத இளங்கலை மாணவர்கள் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அதை ஒரு பாடமாகத் தேற வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் நீதிமன்ற வராந்தாவில் முதல் நாளே அதன் பயன் தெரியும்.

நம் சமூகத்துக்குள் ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். “சாட்ஸ்வர்த்தில் இந்த யூனிட்டில் இந்தக் கோயில் கமிட்டியில் இருக்கும் ஐம்பது வயதுப் பெண்” என்று எழுதினால் புரட்டாசி முடிவதற்குள் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டு வரம்பில் சொல்லுங்கள், கோயிலை விட்டுவிடுங்கள். குடும்ப வன்முறை பற்றிய நேர்காணலை மாமியார் அடுப்படியில் இருக்கும் வீட்டில் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் கொண்டுவர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பேச்சு ஆங்கிலத்திலும் நடுநடுவே வரும் சொல் தமிழிலும் இருந்தால், அந்தச் சொல்லை அப்படியே வைத்து அடைப்பில் விளக்கம் கொடுங்கள். “மானம் போயிடும்” என்பதை வெட்கம் என்று மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் கொட்டிப்போகும்.

இவ்வளவையும் தாண்டி வந்தவர்களைத்தான் மேடையில் பார்க்கிறோம். அறிவிப்பு எழுதும்போது பட்டத்தின் முழுப்பெயர், துறை, பல்கலைக்கழகம், ஆய்வு இருந்தால் அதன் தலைப்பு ஒரு வரி, வழிகாட்டியின் பெயர் போடுங்கள். பொதுவாக 75-க்கு மேல் சராசரி எடுத்தால்தான் சிறப்புத் தகுதி. எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சான்றிதழைப் படம் எடுத்துப் போடும்போது 13 இலக்க அடையாள எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. மோசடியைப் பற்றிப் படித்த பிள்ளையின் பெயரிலேயே யாராவது கடன் வாங்க நாமே வழி செய்யக் கூடாது.

ஆசிரியர்களின் சாதனை இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. பாடம் நடத்தும் எல்லாரும் இங்கே பேராசிரியர் இல்லை. விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பிறகுதான் பேராசிரியர். அந்த ஒவ்வொரு படிக்கும் பல வருடக் கட்டுரைகளும் மாணவர்களும் வேண்டும். தேசிய ஆய்வு அறக்கட்டளையின் தரமதிப்பீட்டில் ஒய் என்றால் நம்பிக்கை தரும் இளம் ஆய்வாளர், சி என்றால் நிலைபெற்றவர், பி என்றால் உலக அளவில் மதிக்கப்படுபவர், ஏ என்றால் உலகத்தில் முன்னணியில் நிற்பவர். இதில் ஒரு எழுத்து கிடைத்தாலும் பொன்னாடைக்குத் தகுதியான செய்திதான். எங்களைக் கேட்டால், எத்தனை முனைவர்களை உருவாக்கினார் என்பதையே முதலில் சொல்வோம்.

நவி பிள்ளையின் பெயர் இங்கே வராமல் இருக்க முடியாது. டர்பனில் 1941-இல் பிறந்த பஸ் ஓட்டுநரின் மகள். படிக்கப் பணம் இல்லாதபோது ஊர் மக்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். 1967-இல் நட்டாலில் சொந்தமாக வக்கீல் தொழில் தொடங்கிய வெள்ளையரல்லாத முதல் பெண் ஆனார். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் 1998-இல் ஆக்காயேசு வழக்கில், பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் ஆகலாம் என்று தீர்ப்பளித்த அமர்வில் இருந்தார். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். அந்தப் பயணத்துக்கு ஊர் கொடுத்த பணம் பட்டம் வாங்கிய பிறகு வந்த பரிசு இல்லை, படிக்கும்போதே வந்த உதவி.

சங்கங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவதும் இதுதான். மே மாதத்தில் மாலையும் சமோசாவும் அன்போடு கொடுக்கிறீர்கள். பிள்ளைக்குக் கழுத்தை நெரிக்கும் மாதம் ஜனவரி, பிப்ரவரி. அப்போதுதான் பதிவுக் கட்டணம். அரசின் மாணவர் நிதித் திட்டமான என்எஸ்ஃபாஸின் உதவி முதல் இளங்கலைப் பட்டத்துக்கு. ஆனர்ஸ் போகும்போது அது நின்றுவிடும், நன்றாகப் படித்தவர்களும் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பழைய கட்டணப் பாக்கி இருந்தால், கவுன் போட்டு மேடை ஏறினாலும் பல பல்கலைக்கழகங்களில் சான்றிதழை நிறுத்தி வைப்பார்கள். அதனால் நவம்பரிலேயே மாணவரிடம் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆனர்ஸுக்கு இடம் கிடைத்த கடிதத்தைப் பாருங்கள். ஜனவரி இரண்டாவது வாரத்துக்குள் பணத்தை மாணவர் எண்ணைக் குறிப்பாகப் போட்டு நேராகப் பல்கலைக்கழகக் கணக்கில் கட்டி, ரசீதை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.